ஏற்காடு அண்ணா பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு இந்த மலையைச் சொல்லுங்கள்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தாருக்கும்,

வணக்கம்.

ஏற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அண்ணா பூங்காவைக் கோடை விழாவுக்காக நீங்கள் ஆயத்தம் செய்வதை ஊர்க்காரர்களாகிய நாங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். தொட்டி தொட்டியாக டேலியா வளர்த்து, சரியாக மே மாதம் பூக்கும்படி பதம் பார்த்து, லட்சக்கணக்கான பூக்களைக் கொண்டு உருவங்கள் கட்டி நிறுத்துவது எளிய வேலை இல்லை. அந்த வேலையைச் செய்கிறவர்கள் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. அந்தப் பூங்காவுக்குள் வந்து நிற்கிற ஒருவருக்கு, அதைச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கோடையில் வருகிறவர்களின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒண்டிக்கடை வந்து சேரும்போதே பாதிப் பகல் போய்விடுகிறது. பூங்காவில் கூட்டத்தோடு ஒரு சுற்று, படகு இல்லத்தில் வரிசை, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் நாலு படம். பிறகு குப்பனூர் வழியாக இறங்கிவிடுகிறார்கள். கிளம்பும் முன் எங்களில் யாரையாவது பிடித்து, "அண்ணா, இங்க வேற என்ன பார்க்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். கடைக்காரரோ வண்டி ஓட்டுகிறவரோ தனக்குத் தெரிந்த இரண்டு பெயரைச் சொல்லி அனுப்புகிறார். அந்த இடங்களுக்குப் போனாலும் அவர்கள் பார்ப்பது ஒரு பாறையும் ஒரு கம்பி வேலியும்தான். எதைப் பார்க்கிறோம் என்று சொல்ல ஆள் இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு சாலையில் வருகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு அருகே வண்டியை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மிஞ்சியிருப்பது அந்த நுழைவாயில் மட்டுமே. ஆனால் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935ல் அங்கே ஒரு படப்பிடிப்பு நிலையம் தொடங்கினார், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் மலையாளத்தின் முதல் பேசும் படமும் அதில் அடக்கம் என்று அப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கேட்ட பிள்ளை அந்த வளைவை வேறு கண்ணோடு பார்க்கிறது. ஏற்காட்டில் அப்படிச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு அண்ணா பூங்காவைவிடத் தோதான இடம் இல்லை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எப்படியும் அங்கே வந்துவிடுகிறார்கள்.

முதலில் லேடீஸ் சீட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மாலை வேளைகளில் வந்து உட்கார்ந்திருந்த பாறை என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே நின்று கீழே பார்த்தால் தெரிவது என்ன என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? மலையடியில் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிக் கிடக்கும் நிலத்தைக் காட்டி, "அது என்ன, உப்பளமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். உருக்கு உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் தீச்செங்கல்லுக்கு மூலப்பொருள். சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்கள் நாடறிந்தவை. வெயிலிலும் தூசியிலும் அங்கே உழைத்துக் குடும்பம் காத்தவர்கள் இந்த அடிவார ஊர்களில் நிறைய உண்டு. ஊரைத் தாண்டித் தென்மேற்கே தனியாக எழுந்து நிற்பது கஞ்சமலை. இரும்புத்தாதுக்குப் பெயர்போன மலை. அதன் பக்கத்தில்தான் சேலம் உருக்காலை இருக்கிறது. அடிவாரத்தில் சித்தர் கோயில். வானம் தெளிந்த நாளில் மேற்கே மினுங்கும் நீர்ப்பரப்பு, 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். இரும்பும் வெள்ளைக்கல்லும் காவிரியும் சேர்ந்து ஒரு மாவட்டத்தின் பிழைப்பை எப்படி அமைத்தன என்பதை ஒரே இடத்தில் நின்று கண்ணால் பார்க்கலாம். வகுப்பறையில் ஒரு மாதம் நடத்தினாலும் இவ்வளவு மனத்தில் நிற்காது. அங்கே தொலைநோக்கி இருக்கிறது. அதன் பக்கத்தில், கீழே தெரிவதையெல்லாம் கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நேரே பெயர் எழுதிய ஒரு சாய்பலகை இருந்தால் போதும். இரவு தங்குகிறவர்களுக்கு விளக்குகளாக விரியும் சேலம் நகரத்துக்கும் அதே பலகை உதவும்.

அடுத்துச் சொல்ல வருவதுதான் என் மனத்தை அதிகம் உறுத்துவது.

ஊருக்குள் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய பழைய கற்காலக் கருவி. இந்த நாட்டில் வரலாற்றுக்கு முந்தைய மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சிக்கே தொடக்கம் அந்தக் கல்தான். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். சேலம், திருச்சிப் பகுதிகளின் நில அமைப்பைப் பற்றிக் கிங்கும் அவரும் எழுதிய அறிக்கை 1864ல் வந்தது. ஆக, நம் மாவட்டத்துப் பாறைகளை முதன்முதலில் முறையாகப் படித்தவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவர் சாம்பலை இங்கே கொண்டுவந்தார்கள். நாடெங்கும் அலைந்து அவர் திரட்டிய கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றில் சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளும் உண்டு. வழவழவென்று தேய்த்து மெருகேற்றிய அந்தக் கற்களை இங்குள்ள மக்கள் எடுத்துப் போய்ப் பிள்ளையார் கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிட்டு வந்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே மலையில் வாழ்ந்தவர்கள் செய்த கருவியைப் பின்னால் வந்தவர்கள் தெய்வமாகப் போற்றி வைத்திருந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஃபூட்டின் மாமனாரைப் பற்றித் தமிழ் படித்த எவருக்கும் சொல்லியாக வேண்டும். அவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தியவர். ஆறுமுக நாவலர் அங்கே படித்து, ஆசிரியராகவும் இருந்து, பெர்சிவலோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கினார். உரைநடைத் தமிழுக்கு நாவலர் செய்த தொண்டைப் பேசும் எவரும் அந்தக் கூட்டு உழைப்பைத் தாண்டிப் போக முடியாது. பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1855ல் தினவர்த்தமானி என்ற இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையை அந்த இதழின் ஆசிரியராக அழைத்து வந்தவரும் அவரே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில விளக்கத்தோடு 1874ல் வெளியிட்டார். 1882ல் இங்கே, நம் ஏற்காட்டில் உயிர் துறந்தார்.

தமிழ்ப் பழமொழிகளுக்காக வாழ்நாளில் பெரும்பங்கைச் செலவிட்ட ஒருவரும், இந்த நாட்டின் ஆதி மனிதனைத் தேடிக் கண்டவரும் ஒரே குடும்பமாக இந்தச் சிற்றூரோடு பிணைந்திருக்கிறார்கள். ஏரியில் படகு விடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இங்கேயே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பூங்காவில் ஃபூட்டுக்கும் பெர்சிவலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பல்லாவரத்துக் கருவியின் படம் ஒன்று, சேர்வராயன் மலைக் கற்கோடரியின் படம் ஒன்று, பெர்சிவல் தொகுத்ததிலிருந்து பத்துப் பழமொழி. எழும்பூர் அருங்காட்சியகத்தாரைக் கேட்டால் படங்கள் கிடைக்கும். தேவாலய வளாகம் வழிபாட்டு இடம் என்பதால், அங்கே கூட்டமாகப் போய் இரைச்சல் போடும் நிலை வராதபடி சபையாரைக் கலந்துகொண்டு, அவர்கள் ஒப்பும் நேரத்தில் மட்டும் பார்க்க வழி செய்யலாம்.

இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏரியிலிருந்து தொலைவில் இல்லை. 1963ல் தொடங்கிய ஆய்வு நிலையம். மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட் வகைகளும், மேகாலயத்துக் காசி மலையிலிருந்து வந்த பூச்சியுண்ணும் குடுவைச் செடியும், இந்த மலையின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் வெர்னோனியா என்ற அரிய மரமும் அவர்கள் காப்பில் இருக்கின்றன. பூக்களைப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் போகாமல் இங்கே வருகிறவர்களுக்கு, இந்த மலையில் மட்டும் வளரும் ஒன்றைப் பற்றி மலர்க் கண்காட்சியே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டம் தானாகவே வருகிறது. 1917ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கும், ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பிச் செடி கொண்டுவந்த கதைக்கும் ஆளுக்கு இரண்டு வரி போதும். காப்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில்வர் ஓக் நிழலில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளையாகக் காப்பி பூக்கும், மல்லிகைபோல் மணக்கும். மே மாதக் கூட்டத்துக்கு அது கிடைப்பதில்லை. பூங்காவில் அதன் படத்தை வைத்து எந்த மாதம் வந்தால் பார்க்கலாம் என்று எழுதினால், கோடையில் குவியும் கூட்டம் கொஞ்சம் பிற மாதங்களுக்கும் பிரியும்.

இனி, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பிருந்தே இந்த மலையில் வாழ்கிறவர்களிடம் வருகிறேன். சேர்வராயன் மலை தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து, அவர்கள் வழியினர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பரவியதாக அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். 5,326 அடி உயரத்தில் மரமே இல்லாத பரந்த சமவெளியில் இருக்கும் சேர்வராயன் கோயில் ஒரு குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். ஆண்டுத் திருவிழா மே மாத வாக்கில் வருகிறது. சுற்றுப்பட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். கோடை விழாவும் அதே மாதத்தில்தான். கீழே ஒரு விழா, மேலே ஒரு விழா. இரண்டையும் ஒரே அழைப்பிதழில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பக்கோடா பாயிண்டில் கல்லடுக்கி எழுப்பிய கோபுரங்களும் அந்த மக்கள் கைவண்ணமே. ஆனால் அந்த இடம் வெளியூரார் வாயில் ஆங்கிலப் பெயரோடு மட்டும் உலவுகிறது. அங்கெல்லாம் வைக்கும் எழுத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களையும் பூசாரிகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எது எல்லாருக்கும் சொல்லத் தக்கது, எது கோயிலுக்குள் இருக்க வேண்டியது என்று அவர்களே முடிவு செய்யட்டும். நாகலூர், செம்மடுவு, வெள்ளக்கடைப் பிள்ளைகள் பூங்காவுக்கு வந்து தங்கள் தாத்தா சொன்ன கதையை அரசுப் பலகையில் படித்தால், அந்தப் பெருமை எத்தனை கோடி செலவிட்டாலும் வாங்க முடியாதது.

ஏரியைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும், அதுவும் படகு இல்லத்தின் வரிசையில் நிற்கிறவர் கண்ணில் படும்படி. இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் நீர்வீழ்ச்சியில் ஏறத்தாழ 300 அடி விழுகிறது. மழைக்காலத்தில் படி இறங்கிப் போய் அந்த அருவியில் குளிக்கிறவர்களும், இங்கே ஏரிக்கரையில் நின்று பிஸ்கட் உறையையும் தண்ணீர் பாட்டிலையும் வீசுகிறவர்களும் ஒரே வண்டியில் வந்தவர்கள். தாங்கள் காலையில் போட்டது மாலையில் தங்கள் பிள்ளைகள் தலையில் விழும் தண்ணீரில் கலக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குப்பை போடாதீர் என்ற அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. ஏரியும் ஓடையும் அருவியும் ஒரே நீர்வழி என்று படமாக வரைந்து காட்டினால் சிறுபிள்ளையும் அப்பா கையைப் பிடித்து நிறுத்தும்.

இவற்றுக்கெல்லாம் பெரிய கட்டடம் தேவையில்லை. பூங்கா நுழைவாயிலில், சீட்டு வாங்கியதும் கண்ணில் படும் இடத்தில் ஒரு பெரிய வரைபடம்: ஏரி நடுவில், சுற்றிலும் இடங்கள், எது நடை தூரம், எதற்கு வண்டி வேண்டும், முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் எதுவரை போகலாம் என்ற குறிப்போடு. பிறகு அந்தந்த இடத்தில் தனித்தனிப் பலகை. தமிழ் முதலில், பெரிய எழுத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே படிக்கும் நடையில். அதன் கீழே ஆங்கிலம். திறந்து வைத்தவர் பெயர் வேண்டுமானால் பின்பக்கத்தில் இருக்கட்டும். செல்போனில் படித்துக்கொள்ளக் கியூஆர் குறியீடு வைக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துவிட வேண்டாம். மலையில் சிக்னல் எப்போது கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதுவதைச் சரிபார்த்து எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்காட்டை 1842ல் சர் தாமஸ் மன்றோ அளவெடுத்தார் என்று இணையத்தில் பல இடங்களில் பார்க்கலாம். மன்றோ 1827லேயே காலமாகிவிட்டார். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி அது நிலைத்துவிட்டது. அரசு இலச்சினையோடு அப்படி ஒரு பிழை பொறிக்கப்பட்டால் அதன்பின் திருத்தவே முடியாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் மலையடியில்தான் இருக்கிறது. வரலாறும் நிலவியலும் தாவரவியலும் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். தொல்லியல் துறையையும் ஆர்க்கிட் தோட்டத்து அறிவியலாளர்களையும் சேர்த்து ஒரு சிறு குழு போட்டால், ஒரு பருவத்துக்குள் எழுத்து முழுவதும் ஆயத்தமாகிவிடும்.

பூங்காவிலும் காட்சிமுனைகளிலும் புதிதாக ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்துகளில் நிறுத்தி வைத்துப் படமெடுக்கும் மேடைகள் இனி வேண்டாம். அவை எந்த ஊரில் வேண்டுமானாலும் கிடைக்கும். இருக்கிற நிதியில் அதற்குப் போகிற பங்கை இதற்குத் திருப்புங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேலை தேடுகிறவர்களில், பேசும் திறமை உள்ளவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை வழங்குங்கள். பூங்கா வாசலில் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று நேரம் குறித்தால் அவர்களுக்குப் பிழைப்பும் ஆகும். மலையாளிப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் தர வேண்டும்.

எங்களால் ஆனதைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறோம். பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவுசெய்யவும், வழிகளை நடந்து பார்த்துக் குறிக்கவும், எழுதியதைப் படித்துப் பிழை சொல்லவும் ஊரில் ஆட்கள் உண்டு. கோடை விழாவுக்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் எல்லாத் துறைகளும் கூடும் முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, ஊர்க்காரர்களில் சிலரையும் அழையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாவிட்டால், நுழைவாயில் வரைபடத்தையும் லேடீஸ் சீட் சாய்பலகையையும் ஃபூட், பெர்சிவல் பக்கத்தையும் வருகிற மே மாதத்துக்குள் முடித்துத் தாருங்கள். மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் வாழும் ஊர்க்காரன்